ஹப்புக்குள் சுழலும் கோள்கள்: மலைவேலை இயந்திரங்களும் சில லிட்டர் எண்ணெயும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில், பெருமழை பெய்தால் மண்ணும் பாறையும் சரிவதும், அவற்றை அகற்ற ஜேசிபியும் பொக்லைனும் வரவழைக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய மழையிலும் அதுவே நடந்தது. தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களின் சரிவுகளில் இந்த இயந்திரங்கள் ஏறி இறங்குவதற்கு வேண்டிய இழுவிசையைக் கடைசியாகப் பெருக்கித் தருவது, சக்கரத்தின் நடுவே, ஹப் எனப்படும் மையக் கூட்டுக்குள் மூடிக் கிடக்கும் ஃபைனல் டிரைவ் என்ற இறுதிப் பல்சக்கரத் தொகுதியாகும்.

எஞ்சினோ மோட்டாரோ தரும் சுழற்சி வேகமானது, ஆனால் வலுக்குறைந்தது. மண்ணைத் தள்ளும் சக்கரத்துக்கோ மெதுவான, வலுமிக்க சுழற்சி தேவை. இந்த மாற்றத்தை மிகக் குறைந்த இடத்தில் செய்வதற்காக, நடுவில் ‘சன் கியர்’ எனப்படும் சூரியச் சக்கரமும், அதைச் சுற்றி மூன்று அல்லது நான்கு ‘பிளானட் கியர்’ எனப்படும் கோள் சக்கரங்களும், அவற்றை வெளியே வளைத்து உட்புறம் பற்கள் கொண்ட ‘ரிங் கியர்’ எனப்படும் வளையச் சக்கரமும் பொருத்தப்படுகின்றன. கோள் சக்கரங்களின் அச்சுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சட்டகம் கேரியர் எனப்படும். ஜேசிபியின் பின்சக்கர ஹப்பைப் போல வளையம் அசையாமல் நிற்க, சூரியச் சக்கரம் சுழன்றால், கோள்கள் தாமும் சுழன்று வளையத்தின் உட்சுற்றில் உருண்டு கேரியரை மெதுவாக இழுத்துச் செல்ல, கேரியருடன் சக்கரமும் திரும்புகிறது.

சூரியச் சக்கரத்தில் 18 பற்களும் வளையத்தில் 72 பற்களும் இருந்தால், 72ஐ 18ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். அதாவது சூரியச் சக்கரம் 5 முறை சுழன்றால் கேரியர் ஒரு முறை சுழலும், உராய்வில் போவது நீங்கலாகத் திருப்பு விசை ஐந்து மடங்காகும். இடையிலுள்ள கோள்களின் 27 பற்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம். அவற்றின் பணி விசையைக் கடத்துவதும் பகிர்வதுமே. ஒரே இணைப்பில் விழ வேண்டிய சுமை மூன்று அல்லது நான்கு இடங்களில் பிரிவதால்தான் கையகல இடத்துக்குள் இத்தனை வலு அடங்குகிறது. செயினில் ஓடும் பொக்லைனில் இத்தகைய அடுக்குகள் இரண்டோ மூன்றோ இருக்கும். அங்கே பெரும்பாலும் கடைசிக் கேரியர் நிலையாக நிற்க, வளையமே ஹப்பாகச் சுழன்று, செயினை இழுக்கும் ஸ்பிராக்கெட்டைத் திருப்பும்.

இத்தனை பற்களையும் பேரிங்குகளையும் காப்பது சில லிட்டர் கியர் ஆயில்தான். எஞ்சின் ஆயிலைக் காலையில் தவறாமல் பார்க்கும் ஓட்டுநரும் ஹப்பை மறந்துவிடுவதற்குக் காரணம், அதற்கு அளவுகோல் இல்லை என்பதே. பொக்லைனில் எண்ணெய் வெளியேறாமலும் சேறு நுழையாமலும் தடுப்பவை, ரப்பர் வளையங்களால் ஒன்றோடொன்று அழுத்தப்பட்ட, மெருகேற்றிய இரண்டு உலோக சீல் வளையங்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் பாக்சைட் கொடுத்த இம்மலையின் செம்மண், மழையில் குழைந்து ஸ்பிராக்கெட்டின் பின்புறம் அப்பி இறுகினால், அந்த வளையங்களை நகர்த்தி நேராகப் பொருந்தவிடாமல் செய்துவிடும். ஆகவே வேலை முடிந்த அன்றே அந்த இடத்தைக் கழுவுவது எண்ணெய் மாற்றுவதற்கு இணையான பராமரிப்பாகும்.

எண்ணெய் அளவைப் பார்க்கும்போது இயந்திரம் சமதளத்தில் நிற்க வேண்டும். மலையில் சமதளம் தேடுவதே தனி வேலை என்றாலும், சரிவில் பார்த்த அளவு பயன்படாது. பெரும்பாலான பொக்லைன்களில், வடிக்கும் பிளக் நேர் கீழே வரும்படி செயினை நகர்த்தி நிறுத்தினால், அளவு பிளக் பக்கவாட்டில் அமையும். அதன் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் அளவு சரி. உள்ளே அழுத்தமும் சூடும் இருக்கக்கூடுமாதலால், முகத்தை விலக்கிக்கொண்டு பிளக்கை மெல்லத் தளர்த்த வேண்டும். கூடுதலாக ஊற்றுவதும் தவறே. அது நுரைத்துச் சூடேறி சீலைத் தள்ளும்.

வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் மென்மையான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் செதில்கள் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்பதற்கு அடையாளம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. யாரும் ஊற்றாமலே அளவு உயர்ந்திருந்தால், செயினை இயக்கும் டிராவல் மோட்டாரின் சீல் பழுதாகி ஹைட்ராலிக் ஆயில் உள்ளே இறங்குகிறது என்று ஐயுற வேண்டும்.

புதிய தொகுதியில் முதல் மாற்றத்தைச் சில நூறு மணி நேரத்திலும், பின்னர் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறையும் செய்யுமாறு கையேடுகள் கூறுகின்றன. எண்ணெயின் வகையையும் கையேட்டின்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் சேற்றிலும் ஓடை நீரிலும் இறங்கிய இயந்திரத்துக்கு மணிக்கணக்கை மட்டும் நம்பியிருப்பது சரியாகாது. மழை வேலை முடிந்ததும் ஒருமுறை பிளக்கைத் திறந்து பார்ப்பதே முறை. வடித்த எண்ணெயைத் தோட்டத்து ஓடையிலோ மண்ணிலோ கொட்டலாகாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும்.