தரவுத்தளத்தின் பூட்டும் நிரலின் திறவுகோலும்

சிறிய மருந்துக் கடையின் இருப்புக் கணக்கும் பள்ளி அலுவலகத்தின் மாணவர் பதிவேடும் மேசைக் கணினியில் ஒரே கோப்பாக அடங்கிக் கிடக்கும்படியான வசதியை உலகெங்கும் பரப்பிய மென்பொருள்களுள், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட அக்ஸஸ் முக்கியமானது. அக்கோப்புக்கு உரியவர் கடவுச்சொல் இட்டுப் பூட்டிவிட்டால், மனிதர் திறக்க முற்படும்போது ஒரு சிறு பெட்டி தோன்றிச் சொல்லைக் கேட்கும். ஆனால் பில் போடுவதற்கென விசுவல் பேசிக்கில் எழுதிய ஒரு புரோகிராம் அதே கோப்பினுள் பிரவேசிக்க விரும்பினால், சொல்லவேண்டியது அனைத்தையும் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

அவ்வாறு சொல்லும் வாசகத்துக்குக் கனெக்‌ஷன் ஸ்டிரிங் என்று பெயர். எந்தத் தரவுத்தள இயந்திரத்தின் (எஞ்சின்) மூலம் திறப்பது, கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது, கடவுச்சொல் யாது என்னும் மூன்று விஷயங்களும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு அதில் வரிசையாக நிற்கும். பழைய எம்டிபி கோப்புகளுக்கு ஜெட் 4.0 என்பதே இயந்திரம். இங்கேதான் அநேகர் இடறுகிறார்கள்: மற்றத் தரவுத்தளங்களில் பழகிய கையோடு ‘பாஸ்வேர்டு’ என்ற தலைப்பின்கீழ்ச் சரியான சொல்லையே எழுதியும், ‘வொர்க்குரூப் கோப்பைக் காணவில்லை, அல்லது வேறொருவர் அதைத் தமக்கென மட்டும் திறந்து வைத்திருக்கிறார்’ என்ற பொருளில், கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மறுமொழி வந்து நிற்கும்.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் குழப்பம் தீரும். ஜெட் இயந்திரத்துக்குப் பாதுகாப்பு இருவகை: வாயிற்காவலர் வருவோர் ஒவ்வொருவரின் பெயரையும் தம் ஏட்டில் சரிபார்த்து உள்ளே விடுவது ஒன்று, கதவுக்கே ஒரு பூட்டைப் போட்டுவிடுவது மற்றொன்று. முதல் வகைக்கென, பயனர்களின் பெயர்கள் தனியாக ஒரு வொர்க்குரூப் கோப்பில் இருக்கின்றன. நாம் பெயர் சொல்லாவிடினும் ‘அட்மின்’ என்பவராகவே நம்மை ஜெட் கருதிக்கொள்கிறது. வெறும் ‘பாஸ்வேர்டு’ என்று எழுதினால் அது பயனருக்குரிய சொல். கோப்பின் பூட்டுக்கோ ‘ஜெட் ஓஎல்இடிபி:டேட்டாபேஸ் பாஸ்வேர்டு’ என்று முழுத் தலைப்பையும் எழுதினால்தான் திறவுகோல் உரிய இடத்தைச் சென்றடையும். கடவுச்சொல்லுக்குள்ளேயே அரைப்புள்ளி இருக்குமாயின் அதனை மேற்கோள் குறிகளுக்குள் இடுவதும் அவசியம்.

2007-இல் ஏசிசிடிபி என்னும் புதிய கோப்பு வகையும் ஏஸ் 12.0 என்னும் புதிய இயந்திரமும் வந்தன. பயனர்வாரியான பாதுகாப்பு புதிய வகையில் கைவிடப்பட்டது. கடவுச்சொல் இட்டவுடன் கோப்பு முழுவதுமே சங்கேதமாக மாறும் ஏற்பாடு சேர்ந்தது. கடவுச்சொல்லுக்கான தலைப்பு மட்டும் பழைய ‘ஜெட்’ பெயரோடே நீடிக்கிறது. ஜெட் இயந்திரம் 32 பிட் புரோகிராம்களோடு மட்டுமே இயங்கும். ஏஸ் 32 பிட், 64 பிட் என இரு வகையிலும் கிடைக்கிறதெனினும், புரோகிராம் எந்த வகையோ இயந்திரமும் அதே வகையாக இருத்தல் வேண்டும்.

பழைய எம்டிபி கோப்பில் கடவுச்சொல் கதவை மட்டுமே காத்தது. உள்ளே இருந்த தரவுகளை அது சங்கேதமாக மாற்றவில்லை. புரோகிராமைப் பயன்படுத்தும் ஊழியருக்குக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் படிக்கவும் எழுதவும் உரிமை வேண்டியிருப்பதால், அவர் கோப்பை அப்படியே நகலெடுத்துச் செல்லவும் இயலும். ஆதலின் பழைய கோப்பைப் புதிய வகைக்கு மாற்றுவதும், கடவுச்சொல்லை நிரலின் உள்ளே எவரும் காணும்படி எழுதாமல் விண்டோஸ் அளிக்கும் ரகசியக் காப்பு வசதியில் வைப்பதும் முதற்கடமைகள். நோயாளியின் மருந்துச் சீட்டையும் குழந்தையின் முகவரியையும் நம்மிடம் ஒப்படைத்தவர்கள் நம்மை நம்பியே ஒப்படைத்தார்கள்; பலர் ஒருங்கே பயன்படுத்தும் அளவுக்கு அத்தகைய பதிவுகள் பெருகிவிட்டால், யார் எதைப் பார்க்கலாம் என்பதைத் தனித்தனியே வரையறுக்கும் சர்வர் தரவுத்தளத்துக்கு அவற்றை மாற்றிவிடுவதே அந்த நம்பிக்கைக்குச் செய்யும் நியாயமாகும்.