சராசரிக்குள் மறையும் நெரிசல்

காலை அலுவலக நேரத்தில் சென்னை ராஜீவ் காந்தி சாலையில் தெற்கே போகும் மாநகரப் பேருந்தில் படிக்கட்டு வரை கூட்டம். அதே வண்டி திரும்பும்போது பல இருக்கைகள் காலி. இரண்டையும் கூட்டி வகுத்தால் தடத்தில் இடம் தாராளமாக இருப்பதாகக் கணக்கு வரும். படியில் தொங்குகிறவருக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? எந்த மணியில், எந்தத் திசையில், எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே கூட்டம் உச்சம் என்று பார்த்தே வண்டி விட வேண்டும். மணிக்கு 600 பேர், வண்டிக்கு 60 பேர் என்றால் மணிக்கு 10 நடை வேண்டும். போய்வர 2 மணி நேரம் பிடித்தால் 20 வண்டிகள். நெரிசல் முதல் பாதித் தூரத்தில்தான் என்றால், 5 நடைகளை அங்கேயே திருப்பிவிடலாம். 15 வண்டிகளே போதும். சென்னைக்காரர்கள் அறிந்த ‘கட் சர்வீஸ்’ இதுதான்.

கடைசி நிறுத்தத்துக்காரர்கள் இதை எதிர்ப்பது நியாயமே. அவர்களுக்கு நடை பாதியாகிறது. ஆகவே முழுத்தூர வண்டிகள் அறிவித்த நேரத்துக்குத் தவறாமல் வர வேண்டும். கூட்டத்தைப் பார்த்தே வண்டி விடுவதானால், ஆளில்லாத மதிய நடைகளையும் குறைக்கலாமே என்பார்கள். அளவோடு குறைக்கலாம், அறவே நிறுத்தக் கூடாது. வீட்டுவேலை முடித்துத் திரும்பும் பெண்களும் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அந்நேரத்தில்தான் பயணிக்கிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், வண்டியே வராவிட்டால் அந்தச் சலுகை கைக்கு எட்டாது. இரவு கடைசி வண்டிக்கும் இதே நியாயம்தான்: திரும்பிவர பஸ் இல்லை என்று தெரிந்தவர் காலையிலேயே இருசக்கர வாகனத்தை எடுத்துவிடுவார்.