லைசென்ஸ் ஓகே... பழைய வாரன்ட் இருந்தா? வாகனச் சோதனையில் என்ன நடக்கும்?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு பைக்கில் வர்றீங்க. கீரனூர் பக்கம் பேரிகார்டு போட்டு நிறுத்துறாங்க. ஹெல்மெட் இருக்கு, லைசென்ஸ் டிஜிலாக்கர்ல இருக்கு. 'அப்புறம் என்ன பயம்?'னு தோணும். ஆனா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குடிச்சிட்டு வண்டி ஓட்டின கேஸ்ல கோர்ட்டுக்கே போகாம விட்டிருந்தீங்கன்னா?

போலீஸ் எதைப் பார்க்கலாம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 130, 158-வது பிரிவுகள் லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் போன்றவற்றைக் கேட்க அதிகாரம் தருகின்றன. மொபைலில் டிஜிட்டலாகக் காட்டினாலும் செல்லும். 'வாரன்ட் செக்' என்று அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. ஆனால், காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். நெட்வொர்க்கில் வழக்கு விவரங்கள் இருக்கின்றன. சந்தேகப்படும் நபரின் முகத்தை மொபைலில் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளையும் 2021-லிருந்து தமிழகக் காவல்துறை பயன்படுத்துகிறது. அதனால், உங்க பேர்ல பாக்கி இருக்கிற கேஸ் ரோட்டிலேயே தெரியவரலாம்.

'பழசு, காலாவதி ஆகியிருக்கும்' - இது தப்பு!

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 72-வது பிரிவுப்படி, கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை வாரன்ட் உயிரோடுதான் இருக்கும்.

வாரன்ட் ரெண்டு வகை. ஜாமீனில் விடக்கூடியது என்றால், வாரன்ட்டில் கோர்ட் எழுதியபடி பிணை கொடுத்தால் விட்டுவிட வேண்டும். பிணையில் விட முடியாத வாரன்ட் என்றால் கைதுதான். அதை எடுத்த எடுப்பில் பிறப்பிக்கக் கூடாது, முதலில் சம்மன் போன்ற வழிகளைப் பார்க்க வேண்டும் என்று 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிடிச்சுட்டா என்ன கேட்கலாம்?

'சார், எந்த கோர்ட், எந்த கேஸ்?'னு தாராளமா கேளுங்க. வாரன்ட்டில் இருப்பதை உங்களுக்குச் சொல்லணும், கேட்டால் காட்டணும். கைது செய்தால் வீட்டுக்குத் தகவல் போகணும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தணும். வாக்குவாதம் பண்றதோ, வண்டியைத் திருப்பிட்டு ஓடுறதோ வேண்டாம். புதுசா ஒரு கேஸ்தான் சேரும்.

இது ரோட்டோட முடியாது

புதுக்கோட்டை மாவட்டத்துல சிங்கப்பூர், துபாய் கனவோட பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்றவங்க நிறைய. வாரன்ட் இருந்தா, பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி விண்ணப்பத்தை மறுக்கலாம். விசா, டிக்கெட் எல்லாம் அப்புறம்தான்!

இப்பவே சரி பண்ணுங்க

'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பில் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்வு செய்து, உங்க பேரைப் போட்டுத் தேடுங்க. கேஸ் நிலுவையில் இருந்தா, வாரன்ட் போட்ட அதே கோர்ட்டில் வக்கீல் மூலம் அதைத் திரும்பப் பெற மனு போடுங்க. போக முடியாததுக்கு நியாயமான காரணம், மருத்துவச் சான்று இருந்தா கொண்டு போங்க. வக்கீலுக்குக் காசு இல்லையா? 15100-க்கு கால் பண்ணுங்க, இது இலவச சட்ட உதவி எண்.

போலீஸ் கூட்டிட்டுப் போய் நிறுத்துறதைவிட, நீங்களே போய் நிக்கிறது எப்பவும் நல்லது!