அந்த பெர்த்துக்குப் பொறுப்பு யார்?

சென்னையின் பாடியில் குடியிருப்பவர் அம்பத்தூர் முன்பதிவு கவுண்டரில் ஹவுராவிலிருந்து கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் கேட்கிறார். அதே பெர்த்தை அதே நொடியில் மும்பையில் ஒருவர் கேட்கக்கூடும். பேரேடுகள் இருந்த காலத்தில் இதற்கு வழி நிலைய ஒதுக்கீடு. தன் பங்கை ஒவ்வொரு ஊரும் யாரையும் கேட்காமல் விற்கும். வெளியூர் இருக்கைக்குத் தந்தி போகும். ஓரூரில் பெர்த் காலியாகக் கிடக்க, இன்னோரூரில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. கணினி வந்தும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் முதலில் தனித்தனியாகவே இயங்கின. ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு எழுதிய கன்சர்ட் மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் ஓடத் தொடங்கியது. 1999க்குள் ஐந்தும் இணைந்தன.

இணைத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு ரயிலின் இருக்கைகளுக்கும் ஒரே ஒரு மையம் பொறுப்பு. கொல்கத்தா மையத்தின் பொறுப்பில் உள்ள ரயிலுக்கு அம்பத்தூரில் பணம் கட்டினாலும், பெர்த்தை ஒதுக்குவது கொல்கத்தா கணினிதான். தரவைப் பல ஊர்களில் பரப்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதையே: எந்தத் தகவலில் கடைசி வார்த்தை யாருடையது? எத்தனை கணினி, எந்த மென்பொருள் என்பதெல்லாம் பிறகு.

கொல்கத்தா படுத்துவிட்டால் அதன் ரயில்களுக்கு எங்குமே டிக்கெட் கிடைக்காதே என்று கேட்கலாம். உண்மைதான், மற்ற மையங்களின் ரயில்களுக்கு விற்பனை நடக்கும் என்பதே ஆறுதல். எல்லா மையத்திலும் நகல் வைத்து எல்லோரும் விற்றால் என்ன? தொடர்பு அறுந்த நேரத்தில், ஒன்று விற்பனையை நிறுத்த வேண்டும், இல்லையேல் ஒரே பெர்த் இருவருக்குப் போகும் அபாயத்தை ஏற்க வேண்டும். கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிரூபித்த தேற்றம் சொல்வது இந்த இக்கட்டைத்தான். கூகுள் 2012இல் விவரித்த ஸ்பானர் தரவுத்தளம் நகல்களை ஒத்துப்போக வைக்கிறது; அதற்கு விலையாக, ஒவ்வொரு பதிவும் பெரும்பான்மை நகல்களின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது.

எல்லாத் தகவலுக்கும் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. இடம் இருக்கிறதா என்று பார்ப்பவருக்குச் சில நொடி பழைய நகலைக் காட்டலாம். பணம் கட்டும்போது மட்டும் பொறுப்பான மையத்தைக் கேட்டே தீர வேண்டும். திரையில் இருந்த இடம் பணம் கட்டியதும் காத்திருப்புப் பட்டியலாக மாறினால் எரிச்சல்தான். நள்ளிரவில் ஒரே பெர்த்துக்கு இருவர் டிக்கெட்டோடு வந்து நின்றால் அதைத் தீர்க்க டிடிஇ படும் பாட்டோடு ஒப்பிட்டால் அந்த எரிச்சல் மலிவு.