புடவை மூட்டையோடு வந்த தலைவர்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இலங்கையில், தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளர்கள், வேலை தொடங்குமுன்பே கடனாளிகள். வழிச்செலவெல்லாம், ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணியின் கணக்கில் ஏறியிருக்கும். தோட்டம் மாற வேண்டுமானால் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டத்தின் துரை (நிர்வாகி) அந்தக் கடனை அடைக்க வேண்டும்.

1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணியின் பிடி தளரவில்லை.

அதை எதிர்த்தவர் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர். வெளியாருக்குத் தடை இருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக நுழைந்தார். மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1931இல் அவருடைய முயற்சியால் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது.

இப்படி நடேசய்யர் ஒடுக்கப்பட்டோரைச் சங்கமாக்கினார். மாத்தளைத் தோட்டப் பாடசாலைகளில் அவருடைய வரலாறு கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டும்.