ஷவர் மட்டுமுள்ள குளியலறையில் குளியல் தொட்டி அமைத்தல்

குளியல் தொட்டி என்பது ஒருவர் உட்கார்ந்தோ சாய்ந்தோ உடலை நீரில் அமிழ்த்திக் குளிப்பதற்கான, வடிகால் துளை உடைய கலம் ஆகும். ஷவர் (தூவாலை) மட்டும் பொருத்திக் கட்டப்பட்ட குளியலறையில் பின்னாளில் இத்தகைய தொட்டியைச் சேர்ப்பது, ஒரு பொருளை வாங்கி வைப்பது போலத் தோன்றினாலும், இடம், எடை, வடிகால், நீர்த்தடுப்பு, வெந்நீர் ஆகிய அனைத்தையும் தொடும் கட்டுமான வேலையாகும். தமிழ்நாட்டு வீடுகளில் குளியலறைத் தொட்டி என்று வழங்கப்படும் சிமெண்டுத் தொட்டி, நீரைச் சேமித்துச் செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதற்கானது. அது இங்கு பேசப்படுவதன்று. இக்கட்டுரை இந்திய நகரங்களின் கான்கிரீட் அடுக்குமாடி வீடுகளை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

இடமும் அளவும்

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சிறிய தொட்டி 1500 மி.மீ. நீளமும் 700 மி.மீ. அகலமும் கொண்டது. இதற்கு அடுத்த அளவு ஏறத்தாழ 1700 x 750 மி.மீ. ஆகும். ஐந்துக்கு எட்டு அடி அளவுள்ள குளியலறையில் குறுகிய சுவரை ஒட்டி 1500 மி.மீ. தொட்டி சரியாகப் பொருந்தும் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதுண்டு. ஐந்து அடி என்பது 1524 மி.மீ. ஆனால் அது பூச்சுக்கு முந்தைய அளவு. இரு பக்கமும் பூச்சும் டைல்சும் சேர்ந்து 50 மி.மீ. வரை எடுத்துக்கொண்டால், எஞ்சுவது 1475 மி.மீ. மட்டுமே. எனவே டைல்ஸ் ஒட்டிய சுவர்களுக்கு இடையில் அளந்த பின்னரே தொட்டியை வாங்க வேண்டும். கதவு வழியாகவும் நடையின் திருப்பத்திலும் தொட்டியைச் சாய்த்துக் கொண்டுவர முடியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எடை

அக்ரிலிக் தொட்டியின் எடை ஏறத்தாழ 30 கிலோகிராம். வார்ப்பிரும்புத் தொட்டி 100 கிலோகிராமைத் தாண்டும். 150 லிட்டர் நீர் 150 கிலோகிராம் எடையுள்ளது. குளிப்பவரின் எடையை இதனுடன் அப்படியே கூட்டுவது வழக்கம். ஆனால் வழிவாய் வரை நீர் நிறைந்திருந்தால், உடல் அமிழும்போது ஏறக்குறைய அதே எடையுள்ள நீர் வெளியேறிவிடும். ஆர்க்கிமிடீசைப் பற்றி விட்ருவியசு கூறும் புகழ்பெற்ற கதையில் நிகழ்வதும் இதுவே.

பலர் கணக்கில் சேர்க்காதது தொட்டியின் முன்புறம் எழுப்பப்படும் செங்கல் சுவர். அரைச்செங்கல் கனத்தில் 1.5 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட சுவர் 160 கிலோகிராம் அளவுக்கு எடையுள்ளது. அதாவது தொட்டியில் நிறையும் நீரை விடச் சற்று அதிகம். இவையெல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 290 கிலோகிராம் ஆகும். குடியிருப்புக் குளியலறைகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 கூறும் நகர்சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோகிராம். எனினும் இந்த வரம்பு தளம் முழுவதற்குமானது. குளியலறையின் மற்ற பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருப்பதால், நல்ல நிலையிலுள்ள கான்கிரீட் தளம் பொதுவாக ஓர் அக்ரிலிக் தொட்டியைத் தாங்கும். கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு உதிர்ந்த தளத்திலும், மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்திலும் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் தொட்டி வைக்கக்கூடாது.

வடிகாலும் நீர்த்தடுப்பும்

இவ்வேலையில் பெரும்பாலான சிக்கல்கள் இங்குதான் எழுகின்றன. தொட்டி உடைந்து நீர் கசிவது அரிது. தொட்டியைப் பொருத்துவதற்காகத் தரையை உடைக்கும்போது பழைய நீர்த்தடுப்புப் படலம் கிழிபட்டு, மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் தெரிவதே வழக்கமான சேதமாகும்.

பெரும்பாலான அடுக்குமாடிகளில் குளியலறைத் தளம் மற்ற அறைகளை விட 20 முதல் 45 செ.மீ. வரை தாழ்வாக வார்க்கப்பட்டு, அப்பள்ளத்தில் குழாய்கள் பதிக்கப்பட்டு, செங்கல் துண்டுகளும் சிமெண்டுக் கலவையும் கொண்டு நிரப்பப்படுகிறது. இதைக் கட்டடத் தொழிலாளர் சங்கன் ஸ்லாப் என்பர். நிரப்பலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தாழ்த்தி வைத்தால், ஏறி இறங்கும் உயரம் குறையும், 30 செ.மீ. ஆழ நிரப்பல் சதுர மீட்டருக்கு 450 கிலோகிராமுக்கு மேல் இருக்கும் என்பதால் எடையும் ஈடாகிவிடும். ஆனால் அவ்வாறு செய்தால் நீர்த்தடுப்பை அறை முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டும். உடைத்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவதை விடத் தரையை உடைக்காமல் தொட்டியை மேலேயே வைப்பது நன்று.

புதிய நீர்த்தடுப்பைச் சுவரிலும் மேலேற்றிப் பூசி, பின்னர் துளைகளை அடைத்து நீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டில் பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பின் இச்சோதனையைச் செய்து பயனில்லை. சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த மொகஞ்சதாரோவின் பெருங்குளத்திலேயே செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, பின்புறம் நிலக்கீல் படலம் இடப்பட்டிருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஷவர் நீர் தரையிலுள்ள டிராப் வழியே செல்கிறது. தொட்டிக்குத் தனியாக 40 மி.மீ. கழிவுக்குழாயும், அதனுடன் இணைந்த வழிவாயும் தேவை. இக்குழாயைத் தரை டிராப்பின் பக்கத் துளையில் சேர்க்கலாம். அப்போது தொட்டிக்கு அடியில் இன்னொரு டிராப் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் காற்று அடைபட்டு நீர் மெதுவாகவே வடியும். தொட்டியை ஒரே முறையில் திறந்துவிடும்போது தரை வலை வழியாக நீர் மேலே பொங்குமானால், டிராப்போ குழாயோ அடைபட்டுள்ளது அல்லது சரிவு போதவில்லை எனக் கொள்ளலாம்.

இணைப்புகளைப் பார்க்க முன்சுவரில் ஒரு திறப்பு விடப்பட வேண்டும். அழகுக்காக அதையும் டைல்ஸ் ஒட்டி மூடிவிடும் கொத்தனார்கள் உள்ளனர். ஒரு வாஷர் மாற்ற முழுச்சுவரையும் இடிக்க வேண்டிய நிலை அதனால் ஏற்படுகிறது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையே சிலிக்கோன் இடும்போது தொட்டியில் நீரை நிரப்பி வைத்தே இட வேண்டும். நீரின் எடையில் தொட்டி சிறிது தாழும் என்பதால், வெறுந்தொட்டியில் இட்ட சிலிக்கோன் முதல் குளியலிலேயே பிரியலாம்.

பழைய ஷவரை அப்படியே தொட்டிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியும். தொட்டியின் அடிப்பகுதி தரையை விட 10 முதல் 15 செ.மீ. உயர்ந்திருப்பதால், ஷவர் தலை அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது போலிருக்கும். கைஷவரைத் தொட்டி நீரில் மூழ்கும்படி விடக்கூடாது. மேல்நிலைத் தொட்டியில் நீர் தீரும்போது அழுக்கு நீர் குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடும்.

வெந்நீரும் நீர்ச் செலவும்

28 பாகை செல்சியசு நீரை 40 பாகைக்குக் கொண்டுவர, 150 லிட்டருக்கு ஏறத்தாழ 2.1 யூனிட் மின்சாரம் செலவாகும். உதகமண்டலத்தில் நீர் 15 பாகையாக இருக்கும் நாளில் இது 4.4 யூனிட் ஆகும். 25 லிட்டர் கீசர் நீரை 60 பாகைக்குச் சூடாக்கினாலும், தண்ணீருடன் கலந்தால் 40 பாகையில் கிடைப்பது 67 லிட்டர் அளவே. அதாவது தொட்டி பாதி கூட நிறையாது. இரண்டாம் முறை கீசர் சூடாவதற்குள் முதல் நீர் ஆறத் தொடங்கிவிடும். தொட்டி வாங்குவோர் கீசரையும் மாற்ற வேண்டியிருப்பது இதனாலேயே.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், பெருநகரங்களுக்கு 150 லிட்டரும் இந்திய அரசின் வழிகாட்டு அளவுகள். ஒரு தொட்டிக் குளியல் ஒருவரின் ஒரு நாள் பங்கு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 9 லிட்டர் ஷவரில் எட்டு நிமிடம் குளித்தால் 72 லிட்டர். இரண்டு வாளியில் குளித்தால் 40 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரி நீருக்குக் காத்திருந்த சென்னையில் இவ்வேறுபாடு சிறிதன்று.

மரத்தள வீடுகள்

வட அமெரிக்க வீடுகளில் மூன்று பக்கச் சுவருக்குள் அமையும் 60 x 30 அங்குலத் தொட்டி பொதுவானது. அங்கு ஷவருக்கு 2 அங்குல வடிகுழாயும் தொட்டிக்கு ஒன்றரை அங்குலமும் போதும் என்பதால் குழாயின் அளவு சிக்கலன்று. வடிதுளை நடுவிலிருந்து ஓர் ஓரத்திற்கு நகர்வதே சிக்கல். அதற்காகத் தரையின் மரச்சட்டங்களை வெட்டினால் தளம் வலுவிழக்கும்.

பாதுகாப்பு

சிறு குழந்தைகள் 5 செ.மீ. ஆழ நீரிலும் மூழ்கி இறக்கக்கூடும். குளியல் இருக்கையில் அமர்த்தியிருந்தாலும் குழந்தையைத் தனியே விட்டு நகரக்கூடாது. பயன்பாட்டுக்குப் பின் தொட்டியை உடனே வடித்துவிட வேண்டும். வெந்நீர்ச் சூட்டை 49 பாகைக்குள் வைப்பது தோல் வெந்துபோவதைத் தடுக்கும். நீர்ச்சுழல் இயந்திரம் உள்ள தொட்டிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் துண்டிப்பானும் முறையான புவித்தொடுப்பும் இன்றியமையாதவை.

முதியோருக்கு மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று தொட்டி அமைப்போர் உண்டு. வெந்நீர் இதமளிக்கலாம். ஆனால் அரை மீட்டர் உயர விளிம்பை ஈரக்காலுடன் தாண்ட வேண்டும் என்பதால், சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி இல்லாமல் அமைப்பது ஆபத்தானது. உறிஞ்சுகிண்ணத்தால் ஒட்டும் கைப்பிடிகள் உடல் எடையைத் தாங்கா. வீட்டில் ஒரே குளியலறை மட்டுமே இருந்து அதை முதியவர் ஒருவரும் பயன்படுத்துவாராயின், ஷவரை எடுக்காமல் விட்டு, குழந்தைக்கு மடக்கி வைக்கக்கூடிய நெகிழித் தொட்டியை வாங்கிக்கொள்வது பொருத்தமானது.