கல்கிசை விடுதியும் நடனமாதின் கதையும்

தருவைகுளத்துக் கடற்கரையில் வளர்ந்த எமக்குக் கொழும்பு அயலூரன்று. தூத்துக்குடித் தோணிகள் நெடுங்காலம் சரக்கேற்றிச் சென்ற துறை அது. அத்துறையருகே கிராண்ட் ஓரியண்டல் விடுதியில், சகலீன் தீவின் கைதிகளைக் கண்டு மீண்ட ருஷிய ஆசிரியர் செக்கோவ் 1890-இல் தங்கினார். எனினும் எம் உள்ளத்தை ஈர்ப்பது, நகர்க்குத் தெற்கே கடலோரப் பாறைமேல் நிற்கும் கல்கிசை விடுதியே. ஆங்கிலேயர் அதனை மவுண்ட் லவீனியா என்பர்.

1805 முதல் 1811 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி தாமஸ் மெயிட்லண்ட் அங்கு இல்லம் அமைத்தார். லவீனியா என்னும் நடனமாதின்மேல் காதல் கொண்டு, அவள் வீட்டருகிலுள்ள கிணற்றினின்று தம் மாளிகை நிலவறைக்குச் சுரங்கவழி அகழ்வித்தார் என்பது கதை. ஊர்ப்பெயர் அவளால் வந்ததன்று, கடற்பறவையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் திரிபே என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், தீவு முழுதும் ஆணை செலுத்தியவர் தம் காதலியைத் தலைவாயில் வழியே அழைக்க அஞ்சினார் என்று மக்கள் கதை கட்டினரே, அதனையே யாம் வியக்கின்றோம்.

மெயிட்லண்ட் 1824-இல் மால்ட்டாத் தீவில் மணஞ்செய்யாமலே இறந்தார். மாளிகை பின்னர் விடுதியாயிற்று. 1957-இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் என்னும் ஆங்கிலப் படத்தில் படை மருத்துவமனையாகவும் தோன்றிற்று. விடுதியின் முகப்பில், நீரூற்றின் நடுவே நிற்பது தேசாதிபதியின் சிலையன்று; அந்நடனமாதின் சிலை.